திருட்டுக் கணக்கு

போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொள்பவருக்கு நம் ஊரில் 'ரைட்டர்' என்று பெயர். கதை எழுதிப் பிழைக்கிறவனையும் இங்கிலீஷ்காரன் அப்படித்தான் அழைக்கிறான். இந்தப் பெயர்ப் பொருத்தம் தற்செயலானதுதான். ஆனால் இரண்டு உத்தியோகங்களும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. அவர் ஒரு பக்கம் உலகம் கொண்டாடும் நாவல் எழுதினார். மறு பக்கம் லண்டன் நகரத்துத் திருட்டுகளுக்கு ஒரு பதிவேடு எழுதினார். நாவலைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் இங்கே சொல்ல விரும்புவது அந்தப் பதிவேட்டின் கதையை.

வீட்டில் களவு போய் ஸ்டேஷன் படியேறியவர்களுக்குத் தெரியும். என்ன போயிற்று, எப்போது போயிற்று, எங்கே போயிற்று, எப்படிப் போயிற்று என்று ரைட்டர் வரிசையாகக் கேட்பார். நகையைப் பறிகொடுத்த துக்கத்தில் இருக்கும் நமக்கு எரிச்சல் வரும். 'திருடனைப் பிடிக்கிற வழியைப் பார்க்காமல் இதையெல்லாம் எழுதி என்ன ஆகப் போகிறது?' என்று மனம் முணுமுணுக்கும். நம் ஒரு வீட்டுப் பதிலால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பது வாஸ்தவமே. ஆனால் நூறு வீட்டுப் பதில்களை ஒரே புத்தகத்தில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தால், அதில் மெல்ல ஒரு முகம் தெரிய ஆரம்பிக்கும். எந்தத் தெரு, எந்தக் கிழமை, இரவு எத்தனை மணி, ஜன்னல் வழியாகவா கொல்லைப்புறக் கதவு வழியாகவா? திருடனும் மனிதன்தானே? அவனுக்கும் பழக்கவழக்கங்கள் உண்டு.

கம்ப்யூட்டரையும் தேசப்படத்தையும் வைத்துக்கொண்டு மேல்நாட்டுப் போலீசார் செய்துவருவது இந்தக் காரியத்தைத்தான். அதற்குப் புதிய பெயர்கள் பல சூட்டியிருக்கிறார்கள். காரியம் என்னவோ பழையது. அதைச் சீராகத் தொடங்கி வைத்தவர்களில் முதன்மையானவர் ஹென்றி ஃபீல்டிங் என்ற நாவலாசிரியர்.

*

அவருடைய காலத்து லண்டனைக் கொஞ்சம் மனக்கண்முன் கொண்டு வர வேண்டும். 1750-ஐ ஒட்டி அந்த நகரத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் இருந்தார்கள். ஆனால் போலீஸ் என்று ஒன்று கிடையாது. பேட்டைக்குப் பேட்டை இரவுக் காவற்காரர்கள் இருந்தார்கள். கையில் ஒரு தடி, ஒரு லாந்தர். பெரும்பாலோர் வேறு வேலைக்கு ஆகாத கிழவர்கள். கான்ஸ்டபிள் என்பது சம்பள உத்தியோகமன்று. குடித்தனக்காரர்கள் வருஷத்துக்கொருவராக முறை போட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய ஊழியம். வசதி உள்ளவன் தனக்குப் பதிலாக வேறொருவனைக் கூலிக்கு அமர்த்திவிட்டு வீட்டில் இருந்துவிடுவான்.

திருடனை யார்தான் பிடிப்பது? அதற்கு சர்க்கார் ஒரு யுக்தி செய்திருந்தது. வழிப்பறிக்காரன் ஒருவனைப் பிடித்துக் குற்றத்தை ருசுப்படுத்தினால் 40 பவுன் இனாம் என்று 1692-இல் சட்டம் செய்தார்கள். அன்றைய நாளில் ஓர் எளிய குடும்பம் ஒரு வருஷத்துக்கு மேல் சாப்பிடக்கூடிய தொகை அது. இந்த இனாமையே தொழிலாகக் கொண்ட ஒரு ஜாதி மனிதர்கள் கிளம்பினார்கள். 'திருடன் பிடிக்கிறவர்கள்' என்று அவர்களுக்குப் பெயர்.

அவர்களில் சக்கரவர்த்தி ஜானதன் வைல்ட். அவனிடமும் ஒரு பதிவேடு இருந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அவனுடைய ஆபீசுக்கு வருவார்கள். முதலில் கொஞ்சம் கட்டணம். பிறகு என்ன போயிற்று, எப்போது, எங்கே, எப்படி என்று கேட்டுத் தன் புத்தகத்தில் பதிவான். சில நாள் கழித்து, 'தங்கள் கடிகாரம் இருக்குமிடம் தெரிந்துவிட்டது. இவ்வளவு கொடுத்தால் வந்து சேரும்' என்று தகவல் வரும். நம் மதுரைச் சீமையில் இதற்கு ஓர் அழகான பெயர் உண்டு: துப்புக்கூலி. மாட்டைப் பறிகொடுத்தவன் துப்புச் சொல்கிறவனுக்குக் கூலி கொடுத்து மாட்டை மீட்டுக்கொள்வான். வைல்ட் நடத்தியது லண்டன் நகரத்துத் துப்புக்கூலி வியாபாரம்.

கடிகாரம் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது? திருடியவர்கள் அவனுடைய ஆட்கள்தாம். எந்தத் திருடன் எந்த இரவு எங்கே இருந்தான் என்ற கணக்கு முழுவதும் அவன் கையில் இருந்தது. சொன்னபடி கேட்கிறவன் தொழிலை நடத்தலாம். முரண்டு பிடிக்கிறவனைச் சாட்சியத்தோடு தூக்குமேடைக்கு அனுப்பிவிட்டு 40 பவுனை வாங்கிக்கொள்வான். ஜனங்களோ அவனை நகரத்தின் ரட்சகன் என்று நினைத்தார்கள்.

கடைசியில் களவுபோன சரிகைப் பின்னல்களைத் துப்புக்கூலி வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்த ஒரு வழக்கில் அவன் அகப்பட்டுக்கொண்டான். 1725-இல் விசாரணை. அந்த விசாரணைக்கு அவன் கொண்டுவந்த ஆயுதம் என்ன தெரியுமா? ஒரு புள்ளிவிவரம். தான் பிடித்துக் கொடுத்துத் தண்டனை பெற்றவர்களின் ஜாபிதாவை அச்சிட்டு ஜூரிகளிடையே வழங்கினான். வழிப்பறிக்காரர்கள் 35, வீடு புகுந்தவர்கள் 22, நாடு கடத்தப்பட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பியவர்கள் 10. ஆக 67 பேர். அந்தத் தொகையில் பொய் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த 67-க்குப் பின்னால் எத்தனை திருட்டுகளை அவனே நடத்தி வைத்தான் என்ற கணக்கு ஜாபிதாவில் இல்லை. ஜூரிகள் மசியவில்லை. அந்த ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி டைபர்ன் மைதானத்தில் அவனைத் தூக்கிலிட்டார்கள்.

ஒரு நல்ல புத்தகம் கெட்ட கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

*

வைல்ட் தூக்கிலேறியபோது ஃபீல்டிங்குக்கு 18 வயது. பிறகு அவர் நாடகாசிரியரானார். மந்திரிகளைக் கேலி செய்தார். 1737-இல் நாடகத் தணிக்கைச் சட்டம் வந்து அந்தப் பிழைப்பைக் கெடுத்தது. சட்டம் படித்து வக்கீலானார். நாவல்கள் எழுதினார். வைல்டின் வாழ்க்கையையே வைத்து, பெரிய திருடனும் பெரிய மந்திரியும் ஒரே வார்ப்புத்தான் என்று ஏளனம் செய்து 1743-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். கடனும் கீல்வாதமும் சேர்ந்து அவரை வாட்டின. 1748-இல் செல்வாக்குள்ள நண்பர்களின் தயவால் மாஜிஸ்திரேட் உத்தியோகம் கிடைத்தது. போ தெருவில், பழைய மாஜிஸ்திரேட் இருந்த வீட்டிலேயே குடியேறினார். அடுத்த வருஷம் 'டாம் ஜோன்ஸ்' வெளிவந்தது.

அந்தக் காலத்து மாஜிஸ்திரேட்டுகளுக்கு நல்ல பெயர் கிடையாது. கட்சிக்காரர்கள் கொடுக்கும் கட்டணந்தான் வருமானம். ஆகவே சண்டையை வளர்த்துவிட்டால் லாபம். சமாதானம் செய்து வைத்தால் நஷ்டம். வருஷத்துக்கு 500 பவுன் தரக்கூடிய அந்த உத்தியோகத்தில் தமக்கு 300-க்குச் சற்று மேல்தான் வந்தது என்றும், அதிலும் பெரும் பங்கு குமாஸ்தாவுக்குப் போயிற்று என்றும் ஃபீல்டிங் எழுதியிருக்கிறார். பிச்சைக்காரர்களின் சச்சரவுகளைத் தூண்டிவிடாமல் தீர்த்து வைத்ததும், கடைசி ஷில்லிங்கைக் கையில் வைத்திருந்தவனிடம் அதைப் பிடுங்காமல் விட்டதும் காரணம். கணக்கு எழுதப் போகிறவனின் கை எப்படி இருந்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1750 பிப்ரவரியில் அவரும் அவருடைய மாற்றாந்தாய் மகனான ஜானும் ஸ்ட்ராண்ட் வீதியில் ஒரு பதிவு ஆபீஸ் திறந்தார்கள். வேலைக்காரி வேண்டுமா, வேலை வேண்டுமா, வீடு வாடகைக்கு வேண்டுமா, வண்டி விற்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அங்கே புத்தகம் உண்டு. நகரம் பெரிதாகிவிட்டது, வேண்டியவனுக்கும் வைத்திருப்பவனுக்கும் ஒருவரையொருவர் தெரியவில்லை, ஆகவே விவரங்கள் சேருகிற ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தைத்தான் போ தெருவில் திருட்டுக்கும் பிரயோகித்தார்கள்.

பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. வழிப்பறியிலோ வீடு புகுந்த களவிலோ பொருளை இழந்தவர்கள் உடனே போ தெருவுக்கு வாருங்கள், அல்லது ஆளனுப்புங்கள்; திருடனின் அங்க அடையாளங்களையும், நேரம், இடம், நடந்த விதம் ஆகியவற்றையும் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். வைல்ட் கேட்ட அதே கேள்விகள்தாம். ஆனால் வைல்ட் கேட்டது தகவலைப் பூட்டி வைத்து விற்பதற்காக. ஃபீல்டிங் கேட்டது எல்லாரிடமும் பரப்புவதற்காக. இருவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இது ஒரு நாவலாசிரியருக்குத் தோன்றக்கூடிய யோசனை என்றே எனக்குப் படுகிறது. ஒரு திருட்டு என்றால் சட்டப் புத்தகத்துக்கு அது ஒரு பிரிவு. பறிகொடுத்தவனுக்கு அது ஒரு துக்கம். கதை எழுதுகிறவனுக்கோ அது ஒரு சம்பவம். சம்பவம் என்றால் இடம் வேண்டும், பொழுது வேண்டும், ஆள் எப்படி இருந்தான், என்ன குரலில் பேசினான், எந்தப் பக்கம் ஓடினான் என்பதெல்லாம் வேண்டும். இந்த விவரங்களில்தான் உயிர் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

விவரத்தை எழுதி வைத்தால் மட்டும் போதாது. எழுதிய கையோடு ஓடுவதற்கு ஆள் வேண்டும். ஹோல்பர்ன் பகுதியின் தலைமைக் கான்ஸ்டபிள் ஸாண்டர்ஸ் வெல்ஷின் துணையோடு, நாணயமான ஆறேழு பேரை ஃபீல்டிங் பொறுக்கி எடுத்தார். புகார் வந்த கால்மணிக்குள் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. பின்னாளில் 'போ தெரு ஓட்டக்காரர்கள்' என்று பிரசித்தி பெற்றவர்கள் இவர்களே.

வெல்ஷ் கொண்டுவந்த தகவல்கள் எல்லாம் திருடர்களைப் பற்றியவை அல்ல. இரவுக்கு இரண்டு பென்னி வாடகைக்கு, ஆணும் பெண்ணுமாய் மேல்மாடியிலிருந்து நிலவறை வரையில் அடைந்து கிடந்த சத்திரங்களைச் சோதித்துத் தலைகளை எண்ணிச் சொன்னார். சிறிய வீடு ஒன்றில் மட்டும் 58 பேர். 1751-இல் ஃபீல்டிங் வெளியிட்ட, கொள்ளைகள் பெருகியதன் காரணங்களை ஆராயும் நூலில் இந்தக் கணக்கும் இடம் பெற்றது. அந்த நூலில் ஏழைகளின் சூதையும் ஜின் குடியையும் அவர் கடுமையாகத் தாக்குகிறார். இன்று படிக்கும்போது சில பக்கங்கள் மனத்துக்குக் கசப்பாகவே இருக்கின்றன. ஆனால் அந்த 58 பேரைக் கண்ட இடத்தில் அவர் பேனா தயங்குகிறது. இப்படிப்பட்ட தரித்திரத்தில் இத்தனை திருடர்கள்தாமா இருக்கிறார்கள், இன்னும் ஆயிரம் பேர் இல்லாததல்லவா ஆச்சரியம் என்ற பொருள்பட எழுதிவிட்டார். நேர்மையாகக் கணக்கெடுக்கிறவனுக்கு இப்படித் தான் தேடாததும் கண்ணில் படும்.

*

1753 ஆகஸ்டில் பரீட்சை வந்தது. ஒரே வாரத்தில் ஐந்து கொலைகள். வழிப்பறிக் கூட்டங்கள் செய்தவை. ஃபீல்டிங் உடம்பு தேறுவதற்காக பாத் நகரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நியூகாஸில் பிரபு கூப்பிட்டனுப்பி, இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும் என்று கேட்டார். நாலு நாளில் திட்டம் தயாராயிற்று. கேட்ட பணம் 600 பவுன். முதலில் 200 வந்தது. கூட்டத்தைக் காட்டிக் கொடுக்க ஒருவன் முன்வந்தான். சில நாளிலேயே ஏழு பேர் பிடிபட்டார்கள். மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். நவம்பரில் மீதி நாட்களிலும் டிசம்பர் முழுவதும் ஒரு கொலையில்லை, தெருவில் ஒரு வழிப்பறிகூட இல்லை என்று அவர் பெருமையோடு எழுதினார்.

இந்தப் பெருமையில் ஒரு சிக்கல் உண்டு. திருட்டு குறைந்தது என்று சொன்னவர் யார்? அதைக் குறைக்கப் பணம் வாங்கியவரே. அவர் நேர்மையானவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவனும் அந்தக் கணக்கால் பெருமை அடைகிறவனும் ஒருவனாக இருக்கும் ஏற்பாடு அன்றே பிறந்துவிட்டது.

நேர்மையானவர் மட்டும் தவறமாட்டாரா? அதே 1753-இல் எலிஸபெத் கானிங் என்ற வேலைக்காரப் பெண் ஒரு மாதம் காணாமற்போய்த் திரும்பி வந்தாள். என்ஃபீல்டில் ஒரு வீட்டில் தன்னை அடைத்து வைத்தார்கள் என்றும், மேரி ஸ்கொயர்ஸ் என்ற ஜிப்ஸிக் கிழவி தன் உடுப்பைப் பறித்தாள் என்றும் சொன்னாள். அவளை விசாரித்த ஃபீல்டிங் நம்பினார். கிழவிக்குத் தூக்குத் தண்டனை விதித்தார்கள். லண்டன் மேயருக்கு மட்டும் சமாதானமாகவில்லை. அந்த நாட்களில் கிழவி வெகுதூரத்தில் டார்செட் ஜில்லாவில் இருந்ததாகச் சொன்ன சாட்சிகளை அவர் தேடிப் பிடித்தார். கிழவி பிழைத்தாள், கானிங் பொய்ச் சத்தியத்துக்காக நாடு கடத்தப்பட்டாள். 'எப்போது, எங்கே?' என்ற ஃபீல்டிங்கின் சொந்தக் கேள்விகளே அந்த உயிரைக் காப்பாற்றின. ஆனால் அவற்றைக் கேட்டது இன்னொரு மனிதர். கணக்கைச் சரிபார்க்கிறவன் கணக்கு எழுதியவனாக இருக்கக் கூடாது என்பதை இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

ஃபீல்டிங்கின் உடம்பு அந்தக் குளிர்காலத்தோடு தீர்ந்துபோயிற்று. மகோதரம் கண்டு வயிறு வீங்கியது. வெயில் தேடி லிஸ்பனுக்குக் கப்பலேறினார். 1754 அக்டோபர் 8-ஆம் தேதி அங்கே காலமானார். வயது 47.

*

பதிவேடு தம்பி கைக்குப் போயிற்று. ஜான் ஃபீல்டிங் இளவயதிலேயே கண்பார்வை இழந்தவர். குரலைக் கேட்டே மூவாயிரம் திருடர்களை அடையாளம் சொல்வார் என்று ஒரு கதை உண்டு. அது கதையாகவே இருக்கட்டும். கண் தெரியாத அவர் இருபத்தாறு வருஷ காலம் தகவலை ஒழுங்குபடுத்தியது சரித்திரம்.

களவுபோன சாமான்களின் ஜாபிதாவை அடகுக் கடைகளுக்கு அனுப்பினார். லண்டனைச் சுற்றி இருபது மைலுக்குள் வசிக்கும் கனவான்கள் சந்தா போட்டுக்கொண்டு, கொள்ளை நடந்ததும் குதிரையில் ஆளனுப்பி அடையாளங்களைத் தெரிவிக்க வேண்டும் என்று 1755-இல் ஒரு திட்டம் வெளியிட்டார். போகிற வழியில் சுங்கச் சாவடிகளிலும் சத்திரங்களிலும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். தகவல் திருடனின் குதிரையைவிட வேகமாகப் போக வேண்டும் என்பதே சூத்திரம். 1763-இல் சாலைகளில் குதிரைக் காவல் ஏற்படுத்தினார். கொள்ளைகள் குறைந்தன. குறைந்ததும் சர்க்கார் என்ன செய்தது? சுமார் ஒன்றரை வருஷத்தில் செலவு அதிகம் என்று காவலை நிறுத்தியது. மருந்தால் ஜுரம் இறங்கியதும் மருந்து தண்டச் செலவு என்று சொல்கிற குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா? 1805-இல்தான் அந்தக் குதிரைக் காவல் நிரந்தரமாக மீண்டும் வந்தது.

1772 முதல் நாடு முழுவதும் இருந்த மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்து தப்பியோடியவர்களின் அடையாளங்களை வரவழைத்து, அச்சிட்டு, எல்லா ஊர்களுக்கும் அனுப்பத் தொடங்கினார். அந்தத் தாளே வளர்ந்து பின்னாளில் போலீஸ் கெஜட் ஆயிற்று.

1780 ஜூனில் லண்டனில் பெருங்கலகம் மூண்டது. கலகக்காரர்கள் போ தெரு வீட்டுக்குள் புகுந்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு காகிதங்களையும் வெளியே எறிந்து கொளுத்தினார்கள். முப்பது வருஷக் கணக்குகள் ஒரே இரவில் சாம்பலாயின. ஜான் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார்.

இதற்கு நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 1754-இல் மக்டேனியல் என்பவனின் கூட்டம் பிடிபட்டது. இவர்களும் திருடன் பிடிக்கிறவர்கள். திருடன் கிடைக்காத மாதங்களில் இவர்களே திருடனை உற்பத்தி செய்தார்கள். அறியாத வாலிபர்களை ஆசை காட்டித் தங்கள் ஆளையே வழிமறிக்கச் செய்வது, பிறகு பிடித்துக்கொடுத்து இனாம் வாங்குவது. குற்றமற்றவர்கள் தூக்கிலேறினார்கள். அரசாங்கத்தின் புத்தகத்தில் ஒவ்வொரு தூக்கும் ஒரு வெற்றியாகப் பதிவாயிற்று. தலைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் தலைகள் வந்துகொண்டுதான் இருக்கும். யாருடைய தலை என்பதைப் பற்றி விலை கவலைப்படுவதில்லை.

*

போ தெருப் புத்தகத்தின் வம்சம் நம் நாட்டுக்கும் வந்தது. கைரேகைகளைத் தரம் பிரித்து அடுக்கும் முறை கல்கத்தாவில் உருவாயிற்று. 1897-இல் அங்கே கைரேகை ஆபீஸ் ஏற்பட்டது. எட்வர்ட் ஹென்றி துரையின் பெயரால் வழங்கும் அந்த முறைக்குப் பின்னால் அஸீஸுல் ஹக், ஹேம்சந்திர போஸ் என்ற இரு வங்காளிகளின் உழைப்பு உண்டு. 1901-இல் அது லண்டன் போலீசுக்கே போய்ச் சேர்ந்தது. திருட்டு நடந்த இடத்தில் கிடைத்த ரேகையை ஆளோடு ஒப்பிடுவது ஃபீல்டிங் பார்த்திருந்தால் ஆனந்தப்பட்டிருக்கக்கூடிய காரியம்.

ஆனால் அதே மையும் அதே காகிதமும் மதுரைப் பக்கம் வந்தபோது வேறு வேலைக்குப் பயன்பட்டன. 1871-இல் வடநாட்டில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. திருட்டை எழுதிய புத்தகம் இப்போது பிறப்பை எழுதியது. பிரமலைக் கள்ளர் கிராமங்களில், திருடினானா இல்லையா என்று கேட்காமல் வயது வந்த ஆண்களின் பெருவிரலில் மை தடவினார்கள். இரவில் வீட்டில் மனைவி மக்களோடு படுக்காமல் போலீஸ் கண்காணிப்பில் வந்து படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். ஜனங்கள் அதற்கு ரேகைச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்து ஊர் திரண்டது. போலீசார் சுட்டார்கள். பதினாறு பேர் மாண்டார்கள். மாயக்காள் என்ற பெண் அவர்களில் ஒருத்தி. 'ரோசாப்பூ துரை' என்று அந்த மக்கள் அன்போடு அழைத்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் போன்றவர்கள் அவர்களுக்காக வாதாடினார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், தேசம் முழுவதும் 1952-இலும் சட்டம் ரத்தாயிற்று.

புத்தகம் ஒன்றுதான். அதன் தலைப்பில் 'என்ன நடந்தது?' என்றிருந்த இடத்தில் 'யார் இவன்?' என்று மாற்றி எழுதிவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தின் விலை பதினாறு உயிர்.

*

கடைசியாக நியூயார்க் நகரத்தைப் பார்க்கலாம். 1990-இல் அங்கே 2,245 கொலைகள். வழிப்பறிகள் ஒரு லட்சத்துக்கு மேல். சுரங்க ரயில் போலீசில் இருந்த ஜாக் மேப்பிள் என்ற அதிகாரி, சுவர் நீளத்துக்கு ரயில் பாதைப் படங்களை ஒட்டி, வழிப்பறி நடந்த இடங்களில் வண்ணக் குறிகள் போட்டார். எங்கே, எப்போது என்ற நம் பழைய கேள்விகள்தாம். 1994-இல் கமிஷனர் வில்லியம் பிராட்டன் அவரை உடன் வைத்துக்கொண்டு 'காம்ப்ஸ்டாட்' என்ற முறையை நகரம் முழுவதும் கொண்டுவந்தார். ஒவ்வொரு பேட்டை அதிகாரியும் கூட்டத்தில் எழுந்து நின்று தன் பேட்டைக் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டும். 2000-இல் வழிப்பறிகள் சுமார் 32,000-ஆக இறங்கின. காம்ப்ஸ்டாட் இல்லாத நகரங்களிலும் அந்த வருஷங்களில் குற்றம் குறைந்தது உண்மை. ஆனாலும் நெரிசலான இடத்தில் நெரிசலான நேரத்தில் காவலை நிறுத்துவதில் பலன் உண்டு என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகளும் உறுதிப்படுத்தியிருக்கின்றன.

பிறகு பழைய வியாதிகள் ஒவ்வொன்றாக வந்தன. கணக்கு குறைந்தால்தான் பதவி உயர்வு என்று ஆனதும், புரூக்ளினில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் வழிப்பறியைச் சில்லறைத் திருட்டாக எழுதினார்கள். சில புகார்களை எழுதாமலே விட்டார்கள். போலீஸ் இலாகாவின் சொந்த விசாரணையே இதை ஒப்புக்கொண்டது. இன்னொரு பக்கம், தெருவில் போகிறவர்களை நிறுத்திச் சோதிப்பதையும் எண்ணிக்கையால் அளந்தார்கள். 2011-இல் மட்டும் 6,85,724 முறை. சோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பேர்மேல் ஒரு குற்றமும் இல்லை. பெரும்பாலோர் கறுப்பு இளைஞர்களும் லத்தீன் இளைஞர்களும். 2013-இல் ஒரு நீதிபதி இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். சோதனைகள் மிகக் குறைந்தன. குற்றங்கள் பெருகிவிடும் என்று பயந்தவர்கள் பயந்தபடி அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை.

இனி எங்கே திருட்டு நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லும் யந்திரங்களையும் கலிபோர்னியாவில் வைத்துப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் போலீசார் 2020-இல் அதைக் கைவிட்டார்கள். அதே வருஷம் ஸான்டா குரூஸ் நகரம் அதற்குத் தடையே விதித்தது. முன்பு எந்தத் தெருவில் போலீசார் அதிகம் நின்று அதிகம் எழுதினார்களோ, அந்தத் தெருவையே யந்திரமும் சுட்டிக் காட்டும் என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

ஆகவே புத்தகத்தைக் கிழித்துப் போடுவதா? அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கு இல்லாத ஊரில் பணக்காரன் காவற்காரன் வைத்துக்கொள்வான். ஏழை வீட்டுப் பித்தளைக் குடம் போனால் அதைப் பற்றி எழுதுவதற்குக்கூட ஆள் இருக்காது. போ தெருவில் விவரம் சொல்ல வந்தவனிடம், அவன் யார் என்று பார்க்காமல் நாலு கேள்வி கேட்டார்களே, அது ஒரு மரியாதை. உன் நஷ்டமும் நகரத்தின் கணக்கில் சேரும் என்று சொல்லும் மரியாதை.

அந்த மரியாதையைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமானால், புத்தகத்தில் எழுத வேண்டியது நடந்ததை, பிறந்ததை அல்ல. எழுதுகிறவனுக்கு எண்ணிக்கையால் லாபம் இருக்கக் கூடாது. எழுதியதைத் திருப்பிப் பார்க்க, டார்செட் வரையில் ஆளனுப்பக்கூடிய இன்னொருவர் வேண்டும். இவை இல்லாதபோது, திருட்டுக் கணக்கு என்று நாம் சொல்கிற வார்த்தைக்குத் தமிழில் இருக்கும் இன்னொரு அர்த்தமே பொருந்திவிடுகிறது.